துரை வீட்டுப் பூந்தோட்டம் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

கடந்த ஜூனில் குழுவாக இங்கிலாந்து போயிருந்தோம். ஒரு நாள் மன்னர் சார்ல்ஸின் ஹைக்ரோவ் தோட்டம். எங்கள் சுற்றுலா ஏஜெண்ட் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. போனிலோ கேமராவிலோ படம் எடுக்கக்கூடாது என்பது போன பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்குள்ளும் போக முடியாதாம். வழிகாட்டியின் பின்னாலேயே வரிசையாக நடந்தோம். ஓரிடத்தில் புல்லை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். இன்னோரிடத்தில் பட்டுப்போன மரவேர்களைத் தலைகீழாக அடுக்கியிருக்கிறார்கள். இதற்கா இவ்வளவு காசு என்று என் கணவர் பஸ் ஏறியும் புலம்பினார். நீங்களும் போயிருக்கிறீர்களாமே, பிடித்ததா? பினாங்கில் இப்படிப் பார்க்க ஏதாவது உண்டா?

ஓய்வுபெற்ற ஆசிரியை, செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள டீச்சர்,

பிடித்தது. ஏஜெண்ட் மேல் உங்களுக்கு வந்த கோபம் நியாயம்தான். அதை அவரிடமே காட்டுங்கள்.

அந்த மரவேர்களுக்கு ஸ்டம்பரி என்று பெயர். மன்னரின் அப்பா பிலிப் இளவரசரே அதைப் பார்த்துவிட்டு, எப்போது இதற்குத் தீ வைக்கப்போகிறாய் என்று கேட்டாராம். ஆக, உங்கள் கணவருக்கு நல்ல துணை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்காரர்களுக்குப் பெரணிச் செடிப் (ஃபெர்ன்) பித்து தலைக்கேறியிருந்தது. வேர்க்கட்டைகளின் இடுக்கில் ஈரமும் நிழலும் தங்கும், பெரணி செழிக்கும் என்று கண்டுபிடித்த ஏற்பாடு அது. நமக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். இங்கே செம்பனை மரத்தைச் சும்மா விட்டால் பெரணி தானாகவே தொற்றிக்கொள்ளும்.

புல்லும் அப்படித்தான். பூக்கள் விதை சிந்தட்டும் என்று விட்டுவைத்து, கோடையில் வைக்கோலாக அறுத்து, பிறகு ஆடுகளை மேயவிடுவார்கள். நீங்கள் போனது அறுப்புக்கு முன்னால்.

சரி, படம் எடுக்காத விஷயம். 'எந்தத் தோட்டம்?' என்று நம்மவர்கள் கேட்டால் யாருக்கும் பூ ஞாபகம் வராது. ரப்பர் எஸ்டேட்டின் பால்மரமும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயமும்தான் வரும். பூ இருந்தது துரை பங்களாவில். என் அப்பா அங்கே செடிகளைப் பார்த்துக்கொண்டார். செம்பருத்தி வேலிக்கு இந்தப் பக்கம்தான் பிள்ளைகள் நிற்கலாம். பள்ளி விடுமுறையில் தண்ணீர் வாளி தூக்குகிற சாக்கில் நான் மட்டும் உள்ளே போவேன். எதையும் தொடக்கூடாது, சத்தம் கூடாது, அப்பா மிதித்த இடத்தில்தான் மிதிக்க வேண்டும். கல்வாழைப் பாத்தி எங்கே முடிந்தது, ரோஜாத்தொட்டி எத்தனை இருந்தது என்று படம் எதுவும் இல்லாமலே இன்றும் சொல்வேன். ஏழு தொட்டி. அதில் ஒன்று விரிசல் விட்டது.

அதனால் ஹைக்ரோவில் வரிசையில் நடந்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் படவில்லை. இந்த முறை டிக்கெட் இருந்தது, அவ்வளவுதான். 1980இல், பட்டத்து இளவரசருக்கான சொத்தாகிய கார்ன்வால் டச்சி, அப்போது இளவரசராக இருந்த சார்ல்ஸுக்காக வாங்கிய வீடு அது. டிக்கெட் காசு அறப்பணிக்குப் போகிறது. இந்தப் பழக்கம் அங்கே பழசு. 1927இல் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸுகளுக்கு நிதி திரட்ட, 609 தோட்டக்காரச் சீமான்கள் தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்கள். அந்த வருடம் என் தாத்தா இங்கே பால்மரம் சீவிக்கொண்டிருந்தார். அந்த ரோஜாக்களில் எத்தனை நம் ரப்பர் காசில் பூத்தனவோ என்று நடக்கும்போது தோன்றத்தான் செய்தது.

அப்புறம் ஒன்று. பாதையில் படர்ந்திருந்த தைம் செடியைத் தெரியாமல் மிதித்துவிட்டேன். குப்பென்று ஓம வாசனை! இரண்டிலும் இருப்பது தைமால் என்கிற ஒரே சரக்கு. வயிறு உப்பினால் அம்மா கொடுக்கும் ஓமத்தண்ணீர், மன்னர் வீட்டு வாசலில் என் செருப்படியில். குனிந்து கிள்ளி முகர்ந்தேன். வழிகாட்டி அம்மா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பினாங்குக்கு வந்தால் தெலுக் பஹாங்கில் டிராபிக்கல் ஸ்பைஸ் கார்டன் பாருங்கள். கைவிடப்பட்ட ரப்பர்த் தோட்டம், தனியார் முயற்சியில் மூலிகையும் வாசனைச் செடியுமாக மாறியது. தண்ணீர்மலைப் பக்கம் 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் தொடங்கிய தாவரப் பூங்காவும் இருக்கிறது, நாகலிங்கப் பூவோடு. இரண்டிலும் படம் எடுக்கலாம் என்று கணவரிடம் சொல்லுங்கள். பூங்காவில் குரங்குகள் அதிகம், போனை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளட்டும்.