குதிநாண் அறுந்தபின் நடை: இயன்முறை மருத்துவரிடம் கேள்வி பதில்

கெண்டைக்கால் சதையைக் குதிகாலோடு இணைக்கும், அக்கிலிஸ் எனப்படும் குதிநாண் அறுந்து, மீண்டும் நடக்கப் பழகுவோரின் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். உங்களைப் பார்க்கும் மருத்துவர் தந்த கால வரையறையே உங்களுக்கு முதன்மையானது.

கேள்வி: மூன்றாவது வாரத்திலேயே பூட் (கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும் மருத்துவக் காலணி) அணிந்து காலை ஊன்றி நடக்கச் சொல்கிறார்கள். கெண்டைக்கால் சதை இழுத்து, சேர்ந்துவரும் நாண் பிரிந்துவிடாதா?

பதில்: சதை இழுக்கத்தான் செய்யும், எவ்வளவு இழுக்கிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். வெறுங்காலுடன் நடக்கையில், தரையில் பதிந்த பாதத்தின் மேலாகக் கீழ்க்கால் முன்னோக்கிச் சாய்கிறது. அந்தச் சாய்வு கட்டுமீறிப் போகாமல் பிடித்து நிறுத்துவது கெண்டைக்கால் சதைதான். குதிகால் தரையை விட்டு எழுந்து உடலை உந்தும் கட்டத்தில் அதன் வேலை உச்சத்துக்குப் போகிறது. அப்போது நாணின் மேல் விழும் இழுவிசை உடல் எடையைப்போல் 2 முதல் 4 மடங்கு இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். பூட் கணுக்காலை அசையவிடாமல் பிடித்துக்கொள்கிறது. உள்ளே வைக்கும் ஆப்பு வடிவ அட்டைகள் குதிகாலை உயர்த்தி நாணைத் தளர்த்துகின்றன. வளைந்த அடிப்பாகம் பாதத்தை உருட்டிவிடுகிறது. இவற்றால் சதையின் வேலை வெகுவாகக் குறைகிறது, ஆனால் முற்றிலும் நிற்பதில்லை. எஞ்சியிருக்கும் அந்த அளவான இழுவை, புதிய இழைகள் சரியான திசையில் அடுக்கப்படுவதற்குத் துணை செய்கிறது.

ஆரம்ப நாட்களில் ஊன்றுகோல்களோடு அடிபட்ட காலை முன்வைத்து, நல்ல காலை அதற்கு இணையாக மட்டும் கொண்டுவந்து நிறுத்துங்கள். நல்ல கால் தாண்டிப் போகும்போதுதான் பின்தங்கிய காலின் குதி எழும்பி உந்தும் வேலை தொடங்குகிறது. அடி நீண்டாலும் வேகம் கூடினாலும் சதையின் வேலை கூடும். பூட்டின் உயரத்துக்கு ஈடாக மற்றக் காலுக்குத் தடித்த அடிப்பாகமுள்ள காலணி அணிந்தால் இடுப்பும் முதுகும் வலிக்காது. இரவில் கழிவறைக்குப் போகும் நாலு அடிக்குப் பூட் எதற்கு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: பூட்டை எப்போது கழற்றலாம்?

பதில்: பல சிகிச்சைத் திட்டங்களில் 8ஆம் வாரத்தையொட்டி. உங்களுக்குரிய தேதியை உங்கள் மருத்துவர் சொல்வார்.

கேள்வி: கெண்டைக்கால் பாதியாகச் சூம்பிவிட்டது. நடந்துகொண்டே இருந்தால் தேறிவிடுமா?

பதில்: நடை மட்டும் போதாது. அங்கே இரண்டு தசைகள் முக்கியமானவை. மேலிருக்கும் காஸ்ட்ரோக்னீமியஸ் முழங்காலையும் தாண்டிச் செல்வது; அடியிலிருக்கும் சோலியஸ் முழங்காலுக்குக் கீழேயே தொடங்குவது. முழங்காலை மடக்கினால் முன்னது தளர்ந்து, வேலையின் பெரும்பகுதி சோலியஸுக்குப் போகிறது. ஆகவே அனுமதி கிடைத்ததும் நாற்காலியில் அமர்ந்து குதிகாலை உயர்த்துவதில் தொடங்கி, பிறகு தொடைமேல் எடை வைத்து, அதன்பின் இரு காலில் நின்று, கடைசியாக ஒற்றைக் காலில் செய்ய வேண்டும். அமர்ந்து செய்யும் பயிற்சியை எளிது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சோலியஸ் பலவீனமாகவே தங்கிவிடுவதை அவர்களிடம்தான் அதிகம் பார்க்கிறேன்.

கேள்வி: அறுவை சிகிச்சை செய்யாமல் பூட்டை மட்டும் நம்புவது அறியாமை. என் நண்பருக்கு மீண்டும் அறுந்துபோனது.

பதில்: உங்கள் நண்பரின் துன்பம் உண்மை, முடிவு அவசரமானது. நார்வேயில் 500க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு முடிவில் நோயாளிகள் தங்கள் காலுக்குத் தந்த மதிப்பெண்களில் அறுவை செய்தவர், செய்யாதவர் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

கேள்வி (அதே நபர்): மீண்டும் அறுந்தவர்களின் கணக்கை ஏன் மறைக்கிறீர்கள்?

பதில்: மறைக்கவில்லை, முழுமையாகவே தருகிறேன். அறுவை செய்யாதவர்களில் 6.2 விழுக்காட்டினருக்கும், செய்தவர்களில் 0.6 விழுக்காட்டினருக்கும் மீண்டும் அறுந்தது. நரம்புப் பாதிப்போ அறுவை செய்தவர்களிடம் அதிகம். எந்த அபாயத்தை ஏற்பது என்பதை ஒவ்வொருவரும் மருத்துவரோடு பேசித் தீர்மானிக்க வேண்டும். எந்தப் பக்கம் போனவரையும் அறியாதவர் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். இந்த வாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்வோம்.

கேள்வி: ஏழு வாரமாகிறது, வலியே இல்லை. பூட்டைக் கழற்றிவிடலாமா?

பதில்: மேலே சொல்லியிருக்கிறேன். வலியின்மை நாண் உறுதியாகிவிட்டதற்குச் சான்றாகாது.

கேள்வி: கெண்டைக்கால் திடீரென்று வீங்கிச் சூடாக இருக்கிறது.

பதில்: இதைப் படித்து முடிக்கக் காத்திருக்காமல் இப்போதே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரத்தக் கட்டியாக இருக்கலாம். மூச்சுத் திணறலும் சேர்ந்தால் அது உயிருக்கே ஆபத்து.

கேள்வி: நாண் இறுக்கமாக இருக்கிறது. படியின் விளிம்பில் நின்று குதிகாலைக் கீழிறக்கி நீட்டலாமா?

பதில்: வேண்டாம். சேர்ந்துவரும் மாதங்களில் நீட்டப்படும் நாண் நீளமாகவே தங்கிவிடக்கூடும், அதைப் பயிற்சியால் குறுக்க முடியாது.

கேள்வி: ஆறு மாதமாகியும் ஒற்றைக் காலில் குதிகாலை முழுவதும் உயர்த்த முடியவில்லை. நாண் நீண்டுவிட்டதா?

பதில்: இருக்கலாம், தசை பலவீனமாகவும் இருக்கலாம். நீண்ட நாணைத் தசை எவ்வளவு சுருங்கி இழுத்தாலும் குதிகால் கடைசி உயரத்தை எட்டாது. ஆயினும் ஓராண்டுக்குப் பிறகும் இந்தக் குறை பலரிடம் காணப்படுவதால், ஆறாம் மாதத்திலேயே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். சுவரில் விரல் நுனியை மட்டும் தொட்டு நின்று, இரு கால்களிலும் தனித்தனியாகக் குதிகால் எழும் உயரத்தை அளவுகோலால் அளந்து, மாதம் ஒருமுறை குறித்துவாருங்கள். இடைவெளி குறையாமலே நின்றால் அந்தக் குறிப்போடு மருத்துவரைப் பாருங்கள்.