உயிலும் கல்லறையும்: வாசகர் கேள்வி–பதில்

எங்கள் கொள்ளுத்தாத்தா 1934 வாக்கில் உயில் எழுதிப் பதிவும் செய்தார் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். செவ்வாய்ப்பேட்டை வீட்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். உயில் பற்றி ஒரு வரிகூட இல்லை. பதிவே ஆகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகி, அம்மாப்பேட்டை

எடுத்துக்கொள்ளக் கூடாது. வில்லங்கச் சான்று சார்பதிவாளர் அலுவலகத்தின் 1-ஆம் புத்தகத்தைப் பார்த்துத் தருவது. கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, செட்டில்மென்ட் எல்லாம் அதில் ஏறும். உயில் ஏறுவது 3-ஆம் புத்தகத்தில். அதனால் எத்தனை முறை வில்லங்கம் போட்டாலும் உயில் தலைகாட்டாது.

சார்பதிவாளர் அலுவலகத்தில் '3-ஆம் புத்தகத்திலும் அதன் அட்டவணையிலும் தேடி நகல் வேண்டும்' என்று தனியாக மனு கொடுங்கள். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோதான் நகல் கிடைக்கும். காலமான பிறகு யார் கேட்டாலும் தரலாம் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு சொல்கிறது. புத்தகத்தை உங்கள் கையில் தரமாட்டார்கள், தேடுவது அலுவலர்தான். எனவே மனுவில் நீங்கள் எழுதும் விவரத்தைப் பொறுத்தே தேடல் அமையும். எழுதியவர் பெயரை மட்டும் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அந்த அட்டவணையில் உயிலை நிறைவேற்ற நியமிக்கப்பட்டவர் பெயரும் உண்டு. மரணத்துக்குப் பிறகு உரிமை கோரியவர்கள் பெயரும் ஏறும். பெயரோடு தகப்பனார் பெயர், ஊர், தொழில், சாதிப் பட்டம் ஆகியவையும் இருக்கும். இவற்றையெல்லாம் மனுவில் சேருங்கள். ஆண்டு நிச்சயமில்லை என்றால் முன்னும் பின்னும் ஐந்து ஆண்டு கேளுங்கள்.

பலர் கோட்டைவிடுவது அலுவலகத்தைத் தேர்ந்தெடுப்பதில். கிரயப் பத்திரம் சொத்து இருக்கும் எல்லையில்தான் பதிவாகும். உயிலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. செவ்வாய்ப்பேட்டை வீட்டுக்கான உயிலை, கடைசிக் காலத்தில் மகள் வீட்டில் தங்கியிருந்த ஓமலூரிலோ ஆத்தூரிலோ பதிந்திருக்கலாம். அவர் கடைசியாக எங்கே குடியிருந்தார் என்று முதலில் விசாரியுங்கள். அங்கும் இல்லையென்றால் மாவட்டப் பதிவாளரிடம் கேளுங்கள். முத்திரையிட்ட உறையில் உயிலை அவரிடம் ஒப்படைத்து வைக்கும் வழியும் அன்றே இருந்தது.

இன்னொன்று. கூட்டுக்குடும்பச் சொத்தில் தன் பங்கை உயிலில் எழுத 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் வரும்வரை பங்காளிக்கு உரிமை இல்லை. ஆகவே பூர்வீக வீடு என்றால் உயிலைவிடப் பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். குடும்ப வரலாற்றுக்கு அதுவே பெரிய புதையல். அண்ணன் தம்பி அத்தனை பேரும் வயதோடு வரிசையாக வருவார்கள். செக்குபந்தியில், அதாவது எல்லை விவரத்தில், நான்கு பக்கத்து வீட்டுக்காரர் பெயர்களும் இருக்கும், அவர்களில் பாதிப்பேர் உறவுக்காரர்களாகவே இருப்பார்கள்.

பெட்டியில் வெள்ளைத்தாளில் எழுதிய உயில் கிடைத்தால் செல்லாது என்று கிழித்துப் போடாதீர்கள். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. சேலம் பக்கத்து இந்துக் குடும்பங்களில் 1927-க்கு முன் எழுதிய உயிலுக்கு இரண்டு சாட்சி கட்டாயம் என்பதும் இல்லை; வாய்மொழி உயில்கூடச் செல்லுபடியானது.

1941-இல் எழுதிய உயிலில் மூன்று மகன்கள் பெயர் இருக்கிறது. மூத்த மகளான எங்கள் பாட்டியின் பெயர் இல்லை. அதற்குள் இறந்துவிட்டாரா, உறவு முறிந்துவிட்டதா?
– வாசகர், குகை

இரண்டும் இல்லாமல் இருக்கலாம். சீர்செனத்தி கொடுத்துக் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு உயிலில் பங்கு எழுதாதது அன்றைய வழக்கம். விடுபட்ட பெயரை வைத்து ஒருவரை இறந்தவராக வம்சாவளியில் குறிக்கவே கூடாது. பாட்டி கட்டிக்கொடுக்கப்பட்ட ஊரின் பிறப்பு, இறப்புப் பதிவேட்டில் தேடச் சொல்லி மனு கொடுங்கள். உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களையும் பாருங்கள், மாப்பிள்ளையே சாட்சியாக நின்றிருக்கலாம்.

எங்கள் முன்னோர் ஏற்காட்டில் ஒரு வெள்ளைக்காரர் காப்பி எஸ்டேட்டில் மேஸ்திரி. எஸ்டேட்காரர் உயிலில் அவருக்கு ஏதோ எழுதி வைத்ததாகப் பேச்சு. அதை எங்கே பார்ப்பது?
– வாசகர், ஏற்காடு

சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்தார். அதன் பிறகு வந்து குடியேறிய ஐரோப்பியர்களின் உயில்கள் பெரும்பாலும் நீதிமன்றத்தில் புரொபேட் ஆனவை, அதாவது உண்மையான உயில்தான் என்று நீதிமன்றம் சான்று தந்தவை. மெட்ராஸ் மாகாண உயில்களின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. அடக்கப் பதிவேடுகளின் நகல்கள் அங்கேயே என்/2 வரிசையில் உள்ளன. பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களின் வரலாற்றைத் தேடுவோருக்கான ஃபிபிஸ் (FIBIS) சங்கத்தின் இணையதளத்தில் பெயர் அட்டவணையை இலவசமாகத் தேடலாம்.

எஸ்டேட்காரர் பெயரும் இறந்த ஆண்டும் தெரியாமல் தேடிப் பயனில்லை. அதற்குத்தான் கல்லறை. 1905-இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுத்த மெட்ராஸ் மாகாணக் கல்லறை வாசகப் பட்டியலை முதலில் புரட்டுங்கள், பிறகு மலையில் இருக்கும் கல்லைப் போய்ப் பாருங்கள். உயில் கிடைத்தால் கடைசிப் பக்கம்வரை படியுங்கள். வேலையாட்களுக்கு எழுதிய சிறு தொகைகள் பெரிய சொத்துகளுக்கெல்லாம் பின்னால்தான் வரும். நம்மவர் பெயரை அவர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், உரக்க வாசித்துப் பார்த்தால் பிடிபடும்.

ஏற்காட்டில் எங்கள் குடும்பக் கல்லறையின் பளிங்குக் கல்லில் பாசி படர்ந்து எழுத்தே தெரியவில்லை. ஆசிட் போட்டுக் கழுவலாமா? சாக்பீஸ் தேய்த்தால் தெரியும் என்கிறார்கள்.
– வாசகி, அஸ்தம்பட்டி

ஆசிட்டைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். பளிங்கு சுண்ணாம்புக் கல் வகை. கழிவறை ஆசிட் பட்டால் மேற்பரப்பு கரைந்து, ஆழம் குறைந்த எழுத்து முதலில் போய்விடும். கம்பி பிரஷ், பிளீச்சிங் பவுடர், சாக்பீஸ் எதுவும் வேண்டாம். கல்லை நன்றாக நனைத்து, மெத்தென்ற நைலான் பிரஷ்ஷால் கீழிருந்து மேலாகத் தேய்த்து, உடனுக்குடன் தண்ணீர் விடுங்கள். எழுத்துப் பள்ளத்தில் ஒட்டியிருப்பதை மூங்கில் குச்சியால் நெம்பலாம். கல் உதிர்ந்தாலோ தட்டினால் பொக்கையாகச் சத்தம் கேட்டாலோ கழுவவே வேண்டாம்.

பல கற்களைக் கழுவாமலே படித்துவிடலாம், வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் போதும். படுக்கைக் கல் என்றால் காலை ஏழு மணி, மாலை ஐந்து மணி. கிழக்குப் பார்த்து நிற்கும் கல்லுக்குக் காலை வெயில் நேராக அடித்து எழுத்தை மழுக்கிவிடும். பதினொன்றரை வாக்கில் சூரியன் கல்லின் முகத்தை உரசிப் போகும்போது பாருங்கள். மரநிழல் என்றால் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி ஓரத்திலிருந்து அடியுங்கள். நான்கு ஓரத்திலிருந்தும் அடித்து நான்கு படம் எடுங்கள்.

ஈய எழுத்து பதித்த பளிங்கில் ஈயம் உதிர்ந்தாலும், அதைப் பிடித்திருந்த சின்னத் துளைகள் நிற்கும். துளைகளின் அமைப்பை, அதே கல்லில் உதிராமல் இருக்கும் எழுத்துகளோடு ஒப்பிட்டால் பெயர் வந்துவிடும்.

தமிழ் எண்களில் கவனம் வேண்டும். 'கஅஎஎ' என்று படித்தால் அது ௧௮௭௭, அதாவது 1877. ௲௮௱௭௰௭ என்று இருந்தாலும் (௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து) அதே ஆண்டுதான். '45-ஆவது வயதில்' என்றால் நிறைந்தது 44. கல்லை நட்ட ஆண்டை இறந்த ஆண்டாக எழுதிவிடாதீர்கள். சர்ச் அடக்கப் பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள்.

பழைய உயில் ஒன்றில் 'தாது ௵ தை ௴' என்று மட்டும் இருக்கிறது. எந்த ஆண்டு?
– வாசகர், ஆத்தூர்

௵ என்றால் வருஷம், ௴ என்றால் மாதம். தாது 1876-இலும் வரும், 1936-இலும் வரும். முந்தையது சேலம் சீமையை வாட்டிய தாது வருஷப் பஞ்சம். தமிழ் வருஷம் சித்திரையில் பிறப்பதால் தை, மாசி, பங்குனிக்கு ஒன்று கூட்ட வேண்டும். ஆக 1877 அல்லது 1937 ஜனவரி–பிப்ரவரி. இரண்டில் எது என்பதற்கு உயிலில் தீர்வை, கிஸ்தி பற்றிப் பேசும் இடத்தில் பசலி (நிலவரிக் கணக்கு ஆண்டு) எண் இருக்கிறதா பாருங்கள். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஜூலை மாதத்தின் ஆங்கில ஆண்டு வரும். 1286 என்றிருந்தால் பஞ்ச காலத்து உயில், 1346 என்றிருந்தால் அறுபது ஆண்டு பிந்தியது.