கீபோர்ட் செருகினால் கொம்பியூட்டர் ஆகிவிடுமா?

ஹட்டனிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: “மகன் ஓ.எல். படிக்கிறான், ஐசிடி பாடமும் எடுத்திருக்கிறான். டவுன் கடையில் பாவித்த பிளேஸ்டேஷன் 4 கேம் பெட்டி ஒன்றைக் காட்டி, ‘லெப்டொப்பை விட மலிவு, கீபோர்ட் செருகினால் கொம்பியூட்டர்தான்’ என்கிறார்கள். தவணைக்கும் தருவார்களாம். வாங்கலாமா?”

வேண்டாம். கீபோர்ட் செருகலாம், எழுத்தும் விழும். அதுவரை கடைக்காரர் சொல்வது மெய். ஆனால் வர்ட், எக்செல் எதையும் அதில் போட முடியாது. ஐசிடி பிள்ளைக்கு அவை இல்லாமல் என்ன பாடம்?

மலிவுக்குக் காரணம் இருக்கிறது. கம்பனிகள் போட்டிக்குப் பெட்டியின் விலையை இறக்கிவிட்டு, கேமில் காசைப் பிடிக்கின்றன. 2002 மே மாதம் பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 299 டொலரிலிருந்து 199க்கு இறங்கியது. போட்டிக்கு நின்ற மைக்ரோசொப்டின் எக்ஸ்பொக்சும் உடனே அதே விலைக்கு வந்தது. இன்றோ பெரிய கம்பனியின் புதுக் கேம் ஒன்றே 70 டொலர். மகன் ஒரு கேமோடு நிற்பானா?

‘லினக்ஸ் போட்டுத் தருகிறோம்’ என்றும் ஒரு கதை வரும். லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரி கொம்பியூட்டரை இயக்கும் இலவச மென்பொருள். பிளேஸ்டேஷனைச் செய்யும் சோனி கம்பனி 4இல் அதற்கு வழி விடவில்லை; அது பழைய பிளேஸ்டேஷன் 3இன் கதை. 2006இல் வந்த தடித்த மாடலில் சோனியே அதற்கு வழி விட்டிருந்தது. 2009இல் வந்த மெல்லிய மாடலில் அது இல்லை. 2010 ஏப்ரல் 1ஆம் திகதி 3.21 அப்டேட்டோடு தடித்ததிலும் எடுத்துவிட்டார்கள். அப்டேட் போடாத தடித்த பெட்டி எங்காவது அகப்பட்டாலும் அதன் பிரதான ராம், அதாவது வேலை செய்யும்போது பாவிக்கும் நினைவகம், 256 எம்.பி.தான். உங்கள் கைப்பேசியில் இதைவிடப் பல மடங்கு இருக்கும்.

‘எல்லாக் கேமும் சும்மா போட்டிருக்கிறோம்’ என்றால் பூட்டை உடைத்த பெட்டி என்று அர்த்தம். ஒன்லைன் போனால் சோனி தடை போடலாம். அப்புறம் கடைக்காரரின் போன் வேலை செய்யாது. வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியா? பின்னால் 100 வோல்ட் அல்லது 120 வோல்ட் மட்டும் எழுதியிருந்தால் நம் 230இல் நேராகச் செருகாதீர்கள். தவணை என்றால் மாதக் காசைக் கேட்காமல் மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். வாயை மூடிக்கொள்வார்கள்.

பாடத்தை வைத்துவிட்டு லேபைப் பூட்டி வைக்கிற பாடசாலைகளைப் பற்றி எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார், விடுங்கள்.

அதே காசுக்கு ஒபிஸில் பாவித்த லெப்டொப் தேடுங்கள். 8 ஜீ.பி. ராம், எஸ்.எஸ்.டி. என்ற வேகமான சேமிப்பகம் இருந்தால் போதும். பற்றரி தாங்குகிறதா என்று சார்ஜ் வயரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். வர்டுக்குக் காசு கேட்டால், வர்ட், எக்செல் வேலைகளைச் செய்யும் லிப்ரே ஒபிஸ் இலவசம். பில்லில் சீரியல் இலக்கம் எழுதி வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.