வாசகர் கேள்வி பதில்: தாத்தா வைத்துப்போன எண்ணெய்க் குப்பி

கேள்வி: ஐயா, வணக்கம். என் தாத்தா இங்கே மியான்மரில் தன்லின் எண்ணெய் ஆலையில் வேலை பார்த்தவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்த கச்சா எண்ணெய் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. ‘இது யேனான்ஜாங் எண்ணெய்’, அதாவது அந்த ஊர் எண்ணெய்க் கிணறுகளிலிருந்து வந்தது என்று பாட்டி சொல்வார். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை எண்ணெய், பாறை மாதிரிகளின் வேதியியல் சோதனை முடிவுகளை எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறதாம், தம்பி சொன்னான். அதோடு ஒப்பிட்டு இது எந்த ஊர் எண்ணெய் என்று கண்டுபிடிக்கலாமா? (ஒரு வாசகி, தன்லின்)

பதில்: அம்மா, முதலில் அந்தக் குப்பியைத் திறக்காதீர்கள். திறந்து முகர்ந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் லேசான பகுதி கொஞ்சம் ஆவியாகிப் போகும்.

தம்பி சொன்னது சரிதான். ஆனால் அந்தத் தொகுப்பில் பெரும்பகுதி அமெரிக்கக் கிணறுகளின் மாதிரிகள். நம் ஊர் எண்ணெயை அங்கே தேடி ‘இதோ இருக்கிறது’ என்று கைவைக்க முடியாது. எண்ணெயில் எதையெல்லாம் அளக்கிறார்கள், அந்த எண்களை எப்படிப் படிப்பது என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடமும் இல்லை. அடர்த்தி, கந்தகம், கார்பன் ஐசோடோப்பு (எடையில் வேறுபடும் கார்பன் அணுக்களின் விகிதம்), அப்புறம் உயிரிகள் விட்டுப்போன மூலக்கூறுகள். இந்தக் கடைசி வகைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1930களில் ஆல்ஃபிரட் டிரைப்ஸ் என்ற ஜெர்மன் வேதியியலாளர், இலைப் பச்சையத்திலிருந்து வந்த போர்ஃபிரின் என்ற மூலக்கூறுகளைக் கச்சா எண்ணெயில் கண்டுபிடித்தார். எண்ணெய் உயிருள்ளவற்றிலிருந்து வந்தது என்பதற்கு அது பெரிய சான்று. தென்கிழக்காசிய எண்ணெய் பலவற்றில் பைகேடினேன் என்று ஒன்று கிடைக்கிறது, அது வந்தது நம் கோயிலில் சாம்பிராணியோடு புகைக்கும் குங்கிலியம் தரும் மரக் குடும்பத்தின் பிசினிலிருந்து! இங்கே கன்யின் என்கிறார்களே, அந்த மரமும் அதே குடும்பம்தான். ஓலியனேன் என்று இன்னொன்று உண்டு. அது பூமியில் பிற்காலத்தில் வந்த பூக்கும் தாவரங்களின் அடையாளம், ஆகவே நிறைய இருந்தால் அந்த எண்ணெயைத் தந்த பாறை ரொம்பப் பழையதாக இருக்காது என்று ஊகிக்கலாம்.

பர்மா எண்ணெயில் மெழுகும் அதிகம். 1850களிலேயே ‘ரங்கூன் எண்ணெய்’ கப்பலேறிப் போய் லண்டனில் மெழுகுவர்த்தியானது.

உங்கள் குப்பி விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, அதை மறைக்க மனமில்லை. தாத்தா எடுத்தது ஆலையில், கிணற்றடியில் அல்ல. ஆலைக்கு வருவதற்குள் பல கிணறுகளின் எண்ணெய் ஒன்றாகக் கலந்துவிடும், யேனான்ஜாங்கோடு சௌக் என்ற இன்னொரு எண்ணெய் வயலின் எண்ணெயும் சேர்ந்திருக்கலாம். அப்படியானால் சோதனை காட்டுவது கலவையின் முகத்தைத்தான். அதனால் பாட்டியிடம் உட்கார்ந்து கேளுங்கள்: தாத்தா எந்த ஆண்டு எடுத்தார், தொட்டியிலா குழாயிலா, குப்பியில் முன்பு என்ன இருந்தது, மூடி கார்க்கா ரப்பரா. ரப்பர் என்றால் அதிலிருந்தும் சில சேர்மங்கள் எண்ணெயில் இறங்கியிருக்கும். கேட்டதையெல்லாம் தேதியோடு எழுதிக் குப்பியில் கட்டிவிடுங்கள். எந்தக் கிணறு, எத்தனை அடி ஆழம், எந்தப் பாறை அடுக்கு என்ற விவரம் இல்லாமல் எவ்வளவு அழகான எண் இருந்தாலும் ஆராய்ச்சிக்காரர்கள் அதைத் தொடத் தயங்குவார்கள்.

கேள்வி: அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை இந்தச் சோதனை முடிவுகளைக் காசு வாங்காமல் ஏன் கொடுக்கிறது? (ஒரு வாசகர், பகோ)

பதில்: அந்நாட்டுச் சட்டப்படி மத்திய அரசு ஊழியர்கள் பணியில் உருவாக்கும் வெளியீடுகளுக்கு அங்கே பதிப்புரிமை கிடையாது. மக்கள் வரிப்பணத்தில் செய்த சோதனை மக்களுக்கே திரும்பிப் போகிறது. எல்லா நாடும் இதைச் செய்ய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கேள்வி: அதே தொகுப்பில் பாறைகளுக்கு எஸ்1, எஸ்2, டி-மேக்ஸ் என்று போட்டிருக்கிறது. டி-மேக்ஸ் 440 என்றால் பூமிக்குள் அந்தப் பாறை 440 டிகிரி சூட்டில் கிடந்ததா? (புவியியல் மாணவர், மாவ்லமியாயிங்)

பதில்: இல்லை தம்பி, இந்தத் தப்பைப் பலர் செய்கிறார்கள். பாறையைப் பொடித்து, ஒரு சிட்டிகை அளவை ராக்-எவால் கருவியில் ஆக்சிஜன் இல்லாமல் சூடாக்குவார்கள். 300 டிகிரி வரை சும்மாவே ஆவியாகி வரும் எண்ணெய் எஸ்1. அதற்குமேல் சூடு ஏற ஏற, கெரோஜன் என்ற கரிமப்பொருள் உடைந்து வருவது எஸ்2. இரண்டும் ஒரு கிராம் பாறைக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. எஸ்2 உச்சத்தைத் தொடும்போது உள்ள வெப்பம்தான் டி-மேக்ஸ். கருவி சில நிமிடங்களில் அவசரமாகச் செய்வதைப் பூமி ஏறக்குறைய 60 முதல் 150 டிகிரிக்குள் பல லட்சம், பல கோடி ஆண்டுகள் எடுத்துச் செய்கிறது. 435-க்குக் கீழே இருந்தால் பாறை இன்னும் பக்குவப்படவில்லை, 435-லிருந்து 465, 470 வரை எண்ணெய் பிறக்கும் பருவம் என்று பொதுவாக வைத்துக்கொள், கெரோஜன் வகையைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே நகரும்.

எஸ்2 மிகக் குறைவாக, 0.2-க்கும் கீழே இருந்தால் அந்த வரியின் டி-மேக்ஸை நம்பாதே, உச்சியே இல்லாத மேட்டில் உச்சியைத் தேடுவது போலத்தான். எஸ்1 மட்டும் எக்கச்சக்கமாக இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன், கிணறு தோண்டும்போது துளைக்குள் செலுத்தும் சேற்றில் டீசல் கலந்தார்களா என்று பார். அந்த டீசல் பாறையில் ஊறியிருந்தால் கருவி அதையும் பாறையின் எண்ணெயாகவே எண்ணிக் கொடுத்துவிடும்.