சத்துமாவு கொடுத்தும் உயரம் ஏறவில்லையே?

கேள்வி: எங்கள் ஊர் அங்கன்வாடியில் சத்துமாவு தவறாமல் கொடுக்கிறார்கள். ஆனாலும் பல குழந்தைகளுக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. ஊராட்சி என்ன செய்யலாம்?
– வார்டு உறுப்பினர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: முதலில் அளந்தது சரியா என்று பாருங்கள். 2 வயதுக்குள் படுக்கவைத்தும், பிறகு நிற்கவைத்தும் அளக்க வேண்டும். மாற்றி அளந்தால் சுமார் 0.7 செ.மீ. பிசகும். வயதைத் தோராயமாக எழுதினால் பிசகு இன்னும் பெரிது. பிறப்புச் சான்றிதழ்த் தேதியையே எழுதச் சொல்லுங்கள். 3 வயது நிறையும்போது ஆண் குழந்தை 88.7 செ.மீ., பெண் குழந்தை 87.4 செ.மீ. இதற்குக் கீழே போனால்தான் குறை.

அடுத்து அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர், ஊராட்சிச் செயலர், குடிநீர்த் தொட்டி ஆபரேட்டர், சுய உதவிக்குழுவில் ஒருவர் என ஐந்து பேரும் மாதம் ஒருமுறை ஒரே பட்டியலோடு உட்காருங்கள். அடிக்கடி பேதி வந்தால் தின்ற சத்து உடம்பில் ஒட்டாது, உயரமும் ஏறாது. ஆளுக்கொரு பதிவேடு வைத்திருப்பதால்தான் பேதியும் உயரக் குறையும் ஒரே வீட்டில் இருப்பது யார் கண்ணிலும் படுவதில்லை. உயரம் குன்றுவது பெரும்பாலும் கருவிலும் முதல் 2 ஆண்டுகளிலும்தான். அதனால் கர்ப்பிணிகளும் 2 வயதுக்குட்பட்டவர்களும் பட்டியலில் முதலில் வரட்டும். பெயருக்கு எதிரே போன மாதம் எத்தனை நாள் பேதி, எந்தத் தடுப்பூசி பாக்கி, பகலில் யார் ஊட்டுகிறார்கள் என்று குறியுங்கள்.

பேதி ஒரே தெருவில் குவிந்தால் முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள். 30,000 லிட்டர் தொட்டிக்கு, 33% குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 120 கிராம் போதும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிநீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். கடைசித் தெருக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மூட்டை பிரித்துக் கிடந்து பவுடர் வீரியம் போயிருக்கும், அல்லது குழாய் சாக்கடையோரம் உடைந்திருக்கும்.

பேதி கண்ட குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலோடு ஜிங்க் மாத்திரை 14 நாள். பேதி நின்றதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். செவிலியர் பாக்கி மாத்திரையை எண்ணிப் பார்க்கட்டும்.

சத்துமாவு வீடு முழுக்கப் பங்காகிறதா, நீர்க்கஞ்சியாகிறதா என்பதைச் சுய உதவிக்குழுப் பெண் ஊட்டும் நேரத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத பதம் வேண்டும்.

கேள்வி: அப்பா, அம்மா குட்டையென்றால் பிள்ளையும் அப்படித்தானே?

பதில்: 5 வயதுக்குள் அப்படிச் சொல்லித் தள்ளிவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2006 குழந்தை வளர்ச்சி அளவுகோல் இந்தியா உள்ளிட்ட ஆறு நாட்டுக் குழந்தைகளை வைத்து வந்தது. நல்ல ஊட்டமும் சுகாதாரமும் கிடைத்த குழந்தைகள் எங்கும் ஏறத்தாழ ஒரே மாதிரி வளர்ந்தார்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்டோரில் 25% பேருக்கு இந்த உயரக் குறை இருந்தது. இத்தனை பேருக்கும் பரம்பரை காரணமல்ல.