மதுரைல ஒரே ஒரு நாள்: கோயிலச் சுத்தி என்ன பாக்கலாம், என்ன வாங்கலாம்?

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "நானும் எங்கம்மாவும் மதுரை வர்றோம், ஒரு நாள்தான் டைம். மேலப்பெருமாள் மேஸ்திரி வீதில ரூம் போட்டிருக்கோம். கோயிலுக்குப் போனது போக மிச்ச நேரத்துல பழைய டவுனுக்குள்ளயே என்ன பாக்கலாம்? நிஜமான சுங்குடி சேலைய எப்படி பாத்து வாங்குறது? அம்மாவுக்கு 68 வயசு, மூட்டு வலி வேற."

நல்ல இடத்துலதான் ரூம் போட்டிருக்கீங்கம்மா. நீங்க தங்கப்போற அந்தத் தெருவே ஒரு காலத்துல மதுரைக் கோட்டையோட எல்லை. 1840கள்ல பிளாக்பர்ன்னு ஒரு கலெக்டர் கோட்டைச் சுவர இடிச்சு அகழிய மூடி ஊர விரிச்சாரு, அந்த வேலைல இருந்த பெருமாள் மேஸ்திரி பேர்லயும் சர்வேயர் மாரெட் பேர்லயும்தான் இன்னிக்கும் தெருக்கள் இருக்கு, அந்தக் கலெக்டர் ஞாபகமா நிறுத்துன விளக்குக் கம்பம்தான் விளக்குத்தூண். இத ஏன் சொல்றேன்னா, மதுரைல வழி கண்டுபிடிக்கிறது ரொம்ப ஈஸி. கோயில் நடுவுல, அதச் சுத்தி சித்திரை வீதி, அதுக்கு வெளிய ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியா வெளி வீதி, சதுரம் சதுரமா. கீழ, மேல, தெற்கு, வடக்குன்னு திசையச் சேத்துச் சொன்னா யாரும் வழி காட்டிருவாங்க.

இனி நாள எப்படிப் பிரிக்கிறதுன்னு சொல்றேன். பெரும்பாலும் எல்லாரும் செய்ற தப்பு என்னன்னா, காலைல மெதுவாக் கிளம்பி பத்தரை மணிக்குக் கோயிலுக்குள்ள போறது. மதியம் பன்னெண்டரைக்கு நடை சாத்திருவாங்க, மறுபடி நாலு மணிக்குத்தான். அதனால அம்மாவக் கூட்டிட்டு காலைல ஆறு ஆறரைக்கே போயிருங்க, கல் தரை அப்ப குளிர்ச்சியா இருக்கும், வெறுங்கால்ல நடக்கிறது அவங்களுக்குக் கஷ்டம் தெரியாது. சித்திரை வீதிக்குள்ள ஆட்டோ வராது, அந்தக் கொஞ்ச தூரம் நடக்கணும். செல்போன ரூம்லயே வச்சிட்டு வாங்க, உள்ள அனுமதி கிடையாது, கவுன்ட்டர்ல குடுக்க எடுக்க நின்னே அம்மாவுக்குக் கால் போயிரும்.

டிபன் முடிச்சு ஒன்பதரை வாக்குல ஆட்டோ பிடிச்சு திருமலை நாயக்கர் மகாலுக்கு வந்துருங்க, கோயில்ல இருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர்தான், ஆனா அம்மாவ நடக்க வைக்காதீங்க. 1636ல கட்டுனது, இப்ப நாம பாக்குறது பழைய அரண்மனைல கால்வாசிதான் இருக்கும். பாத்துட்டு வெளிய வந்தா பக்கத்துலயே பத்துத்தூண் சந்து இருக்கு, அத விட்றாதீங்க. அதே அரண்மனையோட தூண்கள் பத்து, ரெண்டு ஆள் சேந்து கட்டிப்பிடிச்சாலும் அடங்காத சைஸ்ல, ஜவுளிக்கடை போர்டுக்கும் கரண்ட் வயருக்கும் நடுவுல நிக்குது, டிக்கெட் எதுவும் இல்ல. மகாலுக்குள்ள பாக்குறத விட எனக்கு அந்தச் சந்துல நிக்கும்போதுதான் அரண்மனை எவ்வளவு பெருசா இருந்துருக்கும்னு மனசுல ஏறுது.

இந்த ஏரியாலதான் நீங்க கேட்ட சுங்குடி. நாயக்கர் காலத்துல வந்து குடியேறுன சௌராஷ்டிரா மக்களோட கைவேலை இது, 2005ல புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. மகால், விளக்குத்தூண், தெற்கு மாசி வீதி பக்கம் எந்தக் கடைலயும் சுங்குடின்னு கேட்டா எடுத்துப் போடுவாங்க, ஆனா அதுல முக்கால்வாசி அச்சு வேலை, இல்லன்னா மெழுகு பிரிண்ட். அதுவும் கட்டுறதுக்கு நல்ல காட்டன் சேலைதான், அதுக்கு ஏத்த விலைன்னா தாராளமா வாங்கலாம். ஆனா முடிச்சுப் போட்ட சுங்குடின்னு சொல்லி விலை கூட்டிக் கேட்டா ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. நிஜ சுங்குடில துணிய நகத்தால துளியூண்டு கிள்ளி எடுத்து, நூலால இறுக்கிச் சுத்தி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு முடிச்சுப் போட்டு, அப்புறம்தான் சாயத்துல முக்குவாங்க, முடிச்சுக்குள்ள சாயம் ஏறாது, அவுத்தா வெள்ளைப் புள்ளி. கையால கிள்ளுனதுனால ரெண்டு புள்ளி ஒரே மாதிரி இருக்காது, ஓரம் லேசாக் கலங்கி இருக்கும், நிறைய புள்ளில நடுவுல பொட்டு வச்ச மாதிரி கொஞ்சூண்டு சாயம் நிக்கும். சேலையத் திருப்பிப் பாருங்க, பின்பக்கமும் புள்ளி அதே அளவு தெளிவா இருக்கணும். முடிச்சு இருந்த இடத்துல விரல ஓட்டுனா லேசாச் சுருக்கம் தட்டும், இஸ்திரி போட்டிருந்தா மட்டும் அது தெரியாது. வீட்டுக்குப் போய் முதல் தடவை கல் உப்பு போட்ட தண்ணில தனியா அலசுங்க, கலர் போகத்தான் செய்யும், பயப்படாதீங்க.

கோயில் வாசல்ல ஒருத்தர் வந்து மாடில நின்னா கோபுரம் மொத்தமாத் தெரியும் வாங்கன்னு கூப்பிட்டா, அது கடைக்குக் கூட்டிட்டுப் போற வழின்னு தெரிஞ்சுக்கங்க. ஒரு தடவை நான் கூட்டிட்டுப் போன ஒரு குடும்பம் அப்படி மாடி ஏறிட்டு, கூச்சத்துல வேண்டாத ஷால் ஒன்ன அதிக விலைக்கு வாங்கிட்டு இறங்குச்சு, எனக்கு அன்னிக்கெல்லாம் மனசே சரியில்ல. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு நடந்துருங்க.

விளக்குத்தூண் பக்கமே ஜிகர்தண்டா கடை, பாலு, பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேல ஐஸ்கிரீம். ஸ்ட்ரா வேணாம், ஸ்பூன் கேளுங்க, அடில கிடக்கிற பிசின்தான் அதோட ருசியே. அம்மாவுக்குச் சுகர் இருந்தா ரெண்டு வாய் போதும். அப்புறம் ரூமுக்குப் போய்ச் சாப்பிட்டு நாலு மணி வரைக்கும் படுத்துருங்க, மதுரை வெயில்ல கடை ஏறி இறங்குறது வயசானவங்களுக்கு ஆகாது.

சாயங்காலம் மேலமாசி வீதி கதர் கடைக்குப் போங்க. 1921 செப்டம்பர்ல காந்தி தங்கியிருந்த வீடு அது, 22ஆம் தேதி காலைல முழு உடுப்பையும் விட்டுட்டு இடுப்புல ஒரு துண்டோட அவர் வெளிய வந்தது அங்கேருந்துதான். அந்த இடத்துல ஒரு கதர் துண்டாவது வாங்குங்கம்மா, கேட்டுக்கிறேன்.

அங்கிருந்து கோயிலுக்குக் கிழக்குப் பக்கம், புதுமண்டபம்ங்கிற பழைய கல் மண்டபம். அதுக்குள்ள தூணுக்குத் தூண் தையல் மெஷின் ஓடுன கடைகள பக்கத்துல குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டாங்க, சாமி துணி, கருப்பசாமி உடுப்பு, அழகர் ஆத்துல இறங்குறப்போ தண்ணி பீச்சுறவங்க போடுற டிரஸ் எல்லாம் தைக்கிறவங்க அவங்கதான், சும்மா நின்னு பாத்தாலே நேரம் போயிரும். தாழம்பூ குங்குமமும் பித்தளை விளக்கும் சாமான் கடைல வாங்கிக்கலாம். மேலச் சித்திரை வீதி கோபு ஐயங்கார் கடைல வெள்ளையப்பம் சூடா சாப்பிட்டுட்டு, கடைசியா மல்லிப்பூ வாங்குங்க. ராத்திரி விரியப்போற மொட்டா இருக்கணும், அம்மா தலைல வச்சிட்டு ஊருக்குப் பஸ் ஏறுனா பல்லடம் தாண்டியும் மணக்கும்.