தரவு போதாதபோது எந்தத் திட்டத்தை முதலில் எடுப்பது?

முதலில் திட்டங்களை இரண்டாகப் பிரியுங்கள்: எடுத்த முடிவை மலிவாகத் திரும்பப் பெற முடியுமா, முடியாதா? விலை மாற்றம், விளம்பரச் சோதனை போன்றவற்றைப் பெரும்பாலும் பின்வாங்கிக்கொள்ளலாம். அவற்றுக்கு நீண்ட ஆய்வு வீண். பல ஆண்டு ஒப்பந்தம், தொழிற்சாலை போன்றவற்றுக்குத்தான் நேரம் செலவிட வேண்டும்.

வரிசைப்படுத்த, தாமதத்தால் வாரத்துக்கு எவ்வளவு இழப்பு என்பதை, வேலைக்கு ஆகும் வாரங்களால் வகுங்கள்; விடை பெரிதாக வருவதை முதலில் எடுங்கள். 'அ' திட்டத்துக்கு வார இழப்பு 6, காலம் 3 வாரம்; விடை 2. 'ஆ'வுக்கு 10, காலம் 10 வாரம்; விடை 1. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால், ஒவ்வொன்றும் முடியும் வரை அதன் இழப்பு தொடரும்: 'அ' முன்னால் வரும்போது மொத்த இழப்பு (6 × 3) + (10 × 13) = 18 + 130 = 148. 'ஆ' முன்னால் வந்தால் (10 × 10) + (6 × 13) = 100 + 78 = 178. பெரிய எண்ணைப் பார்த்து 'ஆ'வைத் தொடங்குவதுதான் வழக்கமான சறுக்கல்.

ஆனால் அந்த 6, 10 எல்லாமே ஊகம். எனவே ஒற்றை எண்ணுக்குப் பதில் வீச்சு எழுதுங்கள்: "4 முதல் 9 வரை, 90% நம்பிக்கை". பெரும்பாலானவர்கள் வீச்சை மிகக் குறுகலாகவே போடுவார்கள். எனவே இரு முனைகளையும் ஒருமுறை வெளிப்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். அப்படித் தள்ளியும் வரிசை மாறாவிட்டால் விவாதத்தை நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்கலாம். மாறினால், எந்த ஊகம் அதை மாற்றுகிறதோ அதை மட்டும் சோதியுங்கள். முடிவு எப்படி வந்தாலும் அதையேதான் செய்வோம் என்றால் அந்தச் சோதனைக்குச் செலவிடாதீர்கள். (1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுப் பெருக்கும் அட்டவணைகள் இந்த நிச்சயமின்மையை மறைத்துவிடுகின்றன.)

கைவிடும் நிபந்தனையைத் தொடங்குமுன்பே எழுதுங்கள்: "8 வாரத்தில் 20 வாடிக்கையாளர் பணம் செலுத்தாவிட்டால் நிறுத்தம்." பிறகு எழுதினால், ஏற்கெனவே கொட்டிய பணம் அந்த எண்ணைக் கீழே இழுக்கும்.